ஜலஷ்வா வீண் செலவா? – கடிதம்

வணக்கம் அண்ணே,

2020 கொரோனா நேரத்தில் எங்கள் சித்தப்பா மாலத்தீவிலிருந்து தூத்துக்குடிக்கு ஐ.என்.எஸ். ஜலஷ்வாவில் வந்து இறங்கினார். எதிரி நாட்டுக் கரையில் படையையும் டாங்கியையும் இறக்குகிற கப்பல் அது என்று இப்போதுதான் படித்தேன். நாம் யார் கரையில் போய் இறங்கப்போகிறோம்? அதுவும் அமெரிக்கா கழித்துவிட்ட கப்பல். வீண் செலவுதானே?

பாண்டி, திருமங்கலம்

அன்புள்ள பாண்டி,

நம்மூர்க்காரர்களுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரத்தில் முங்கி எழுவதோடு சரி, அதனால் கப்பல் என்றாலே துறைமுகத்தில் வந்து நிற்பது என்று நினைத்துவிடுகிறோம். இது துறைமுகமே இல்லாத கரைக்கு ஆளையும் வண்டியையும் அனுப்பக் கட்டியது. பின்பக்கம் வயிற்றுக்குள் பெரிய தளம், அதில் தரையிறங்கு படகுகள். வேளை வந்ததும் கப்பலின் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றுவார்கள், பின்பக்கம் தாழும், கதவைத் திறந்தால் தண்ணீர் உள்ளே வந்து படகுகள் மிதக்க ஆரம்பிக்கும், டாங்கியோடு அப்படியே வெளியே ஓட்டிப்போக வேண்டியதுதான். தைப்பூசத்துக்கு வண்டியூர் தெப்பக்குளத்தில் தண்ணீரை நிரப்பித் தெப்பத்தை மிதக்கவிடுகிற மாதிரிதான்; என்ன, இங்கே குளமே கப்பலுக்குள் இருக்கிறது.

இப்படிப்பட்ட கப்பலுக்குச் சண்டைதான் வேலை என்றில்லை. 1971இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தபோது இதன் பெயர் டிரென்டன். 1991 ஜனவரியில் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவின் அமெரிக்கத் தூதரகத்தில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கப்போன இரண்டு கப்பல்களில் இது ஒன்று. 2006இல் லெபனானிலும் அதே வேலை. 2007இல் நம்மிடம் வந்து விசாகப்பட்டினத்துக்காரி ஆனபிறகு, 2020 மே மாதம் மாலேயிலிருந்து 698 பேரைக் கொச்சியில் கொண்டுவந்து சேர்த்தது, அப்புறம் கொழும்பு, மறுபடி மாலே, ஈரானின் பந்தர் அப்பாஸ் என்று போய்ப் போய்த் தூத்துக்குடியில் இறக்கியது. ஜூலை 1 அன்று ஈரானிலிருந்து வந்த 687 பேரில் பெரும்பாலோர் மீனவர்கள். யார் கரை என்றால், நம் ஆட்கள் மாட்டிக்கொண்ட கரை. 2004 சுனாமியில் அந்தமானில் படகுத்துறைகளே உடைந்துபோனதையும் நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே சாதாரணக் கப்பல் போய் எங்கே கட்டும்?

பழசு என்று நீங்கள் சொல்வது சரி. வாங்கிய மறு வருடமே உள்ளே விஷவாயு கசிந்து கடற்படையினர் சிலர் செத்தார்கள், அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கோபத்தை வாங்கியதன் மேல் காட்டாதீர்கள். இதுபோல நான்கு கப்பல்களை இங்கேயே கட்ட 2013இல் டெண்டர் கேட்டார்கள், ஏழு வருடம் இழுத்து, இந்தக் கிழட்டுக் கப்பல் தூத்துக்குடிக்கு ஆள் சுமந்த அதே 2020இல் அதை ரத்து செய்தார்கள். எனக்கு எரிச்சல் அங்கேதான்.