பிளக்-இன் ஹைபிரிட் காருக்கு வீட்டில் 240 வோல்ட் சார்ஜர் கட்டாயமா, வேறு என்ன வழி இருக்கிறது?

கட்டாயமே இல்லை. நீங்கள் கனடாவில், கராஜ் உள்ள வீட்டில் இருக்கிறீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு என்றால் கதை வேறு.

எங்களிடம் இருப்பது டொயோட்டா ராவ்4 பிரைம், பிளக்கில் சார்ஜ் ஏற்றிக் கரண்டிலும், அது தீர்ந்தால் பெட்ரோலிலும் ஓடுகிற பிளக்-இன் ஹைபிரிட். பாட்டரி 18 யூனிட், கரண்டில் மட்டும் 68 கிலோமீட்டர் ஓடும் என்பது கம்பெனிக் கணக்கு. சாதாரண 120 வோல்ட் பிளக்கில் வெறுமையிலிருந்து நிரம்ப 12 மணித்தியாலம் எடுக்கும் என்றதும் எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் வேலைக்குப் போய்வர 40 கிலோமீட்டர் என்றால் எட்டு மணித்தியாலத்தில் போன சார்ஜ் திரும்பிவிடும். ஒன்ராறியோவில் 2023இல் வந்த மலிவு இரவுக் கரண்ட் கட்டணமும் இரவு 11 முதல் காலை 7 வரைதான். தொடங்கியபோது யூனிட் 2.4 சதம், வார நாட்களில் பின்னேரம் 24 சதம். ஆனால் அது தானாக வராது, நாம்தான் கேட்டு மாறவேண்டும்.

இதைக் கேட்க நாங்கள் கூப்பிட்ட எலக்ட்ரீசியன், பிளக்கைத் திரும்பியும் பார்க்காமல் வீட்டின் மெயின் கரண்ட் பனலையே 200 ஆம்பியருக்கு மாற்றவேண்டும் என்றார். முன்பு கூரை பார்க்க வந்தவரும் இப்படித்தான், வாசலில் நிற்கிற காரைப் பார்த்து விலை சொல்கிற ஆட்கள். உண்மையில் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: கார் 12 ஆம்பியர் இழுக்கும், 15 ஆம்பியர் பிரேக்கரில் வேறெதுவும் இருக்கக்கூடாது. எங்கள் கராஜில் மீனும் இறைச்சியும் நிறைந்த டீப் ஃப்ரீசர் அதே லைனில் இருந்தது, கார் சார்ஜ் ஆகும்போது ஃப்ரீசர் மோட்டர் ஸ்டார்ட் ஆனால் பிரேக்கர் விழும். ஃப்ரீசரை வேறு லைனுக்கு மாற்றினோம், சரியாகிவிட்டது. எக்ஸ்டென்ஷன் வயர் மட்டும் வேண்டாம், பிளக் கையில் சுட்டால் உடனே கழற்றிவிடுங்கள்.

மற்ற வழிகளா? மால்களில் 240 வோல்ட் இருக்கிறது, ஆனால் மணிக்கணக்கில் காசு எடுக்கிற இடத்தில் நம் கார் மெதுவாக ஏற்றுவதால் நட்டம். இந்தக் காரில் வேகச் சார்ஜர் போடவே முடியாது, மிட்சுபிஷியின் பழைய அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட்டில் முடியும். ஓடும்போது எஞ்சினாலும் சார்ஜ் ஏற்றலாம், அது பெட்ரோலை எரித்துக் கரண்ட் எடுக்கிற வேலை, நான் தொடுவதில்லை.

'இரண்டும் கெட்டான் கார்' என்று, முழுக்கக் கரண்டில் ஓடும் கார் வைத்திருக்கிற டெஸ்லாக்காரர்கள் வருவார்கள் என்று தெரியும். தினமும் நூறு கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு நான் இதைச் சொல்லவில்லை. அப்புறம், மைனஸ் 10க்குக் கீழே போனால் ஹீட்டருக்காக எஞ்சின் தானாகவே ஸ்டார்ட் ஆகும், 240 வோல்ட் போட்டாலும் அது மாறாது.