கேள்வி பதில்: தெரியாத காட்டில் வில்லோடு எல்க் வேட்டை

கொலராடோவின் மேற்குச் சரிவில் குடியிருந்துகொண்டு செப்டம்பர் வந்தால் எல்க் என்னும் பெரிய மானைத் தேடி வில்லோடு மலையேறுகிறவன் நான். அதனால் இந்தக் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். அரசு நிலத்தில், வழிகாட்டி இல்லாமல், முன்பின் தெரியாத மலைக்கு முதல்முறை போகிறவர்களுக்கான பதில்கள் இவை. பண்ணைக்குக் காசு கட்டி வேட்டையாடுவது பற்றியும் துப்பாக்கிப் பருவம் பற்றியும் வேறு யாரையாவது கேளுங்கள்.

கேள்வி (டாலஸ்): அண்ணா, நானும் இரண்டு நண்பர்களும் அடுத்த செப்டம்பரில் கொலராடோ வரலாம் என்று இருக்கிறோம். வில் வேட்டைக்கான எல்க் டேக்கை, அதாவது ஓர் எல்க் அடிப்பதற்கான அனுமதிச் சீட்டை, போகிற வழியில் கடையில் வாங்கிக்கொள்ளலாமாமே?

பதில்: அது பழைய கதை தம்பி. 2025 முதல் வெளிமாநிலத்தாருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே, அதாவது எல்க் இருக்கிற மலைப்பகுதி முழுக்க, வில் டேக்குக்கும் குலுக்கலில்தான் விண்ணப்பிக்க வேண்டும். கெடு ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். ஜூலையில் ஞாபகம் வந்தால் மிச்சம் மீதி டேக்தான். மூன்று பேரும் ஒரே குழுவாக விண்ணப்பியுங்கள். தனித்தனியாகப் போட்டு ஒருவருக்கு மட்டும் விழுந்தால் மற்ற இரண்டு பேரும் கறி சுமக்கத்தான் வர வேண்டியிருக்கும். (அதுவும் மோசமில்லை, பின்னால் சொல்கிறேன்.)

ஐடஹோவும் 2026 பருவத்திலிருந்து வெளிமாநிலத்தாருக்குக் குலுக்கலுக்கு மாறிவிட்டது. வயோமிங்கில் விண்ணப்பக் கெடு இன்னும் முன்னால், பிப்ரவரித் தொடக்கத்தில். அங்கே இன்னொரு கொக்கி உண்டு: ‘வில்டர்னஸ்’ என்று மத்திய அரசு அறிவித்த காடுகளில் வெளிமாநிலத்தார் உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்வாசியோ கூட இல்லாமல் பெரிய விலங்கு வேட்டையாட முடியாது. நடந்து போய்ப் படம் எடுக்கலாம், மீன் பிடிக்கலாம், எல்க் மட்டும் கூடாது. வரைபடத்தில் அழகான பச்சையைப் பார்த்து மயங்கிவிட்டு இதை ஆகஸ்டில் தெரிந்துகொள்கிறவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள்.

கேள்வி (சிகாகோ): மலையை நேரில் பார்க்காமல், வீட்டிலிருந்தபடியே எல்க் இருக்குமிடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் எல்க்கைத் தேடாதீர்கள், மனிதர்களைத் தேடுங்கள். வனத்துறை ஒவ்வொரு தேசிய வனத்துக்கும் எந்தச் சாலையில் எந்த வண்டி போகலாம் என்று இலவச வரைபடம் வெளியிடுகிறது. அதை எடுத்து, வண்டி போகும் தடம் ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் ஒரு மைலை மனசுக்குள் அடித்துவிடுங்கள். வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் அந்தப் பட்டைக்குள்தான் சுற்றுவார்கள். மிச்சமிருக்கும் துண்டுகளில்தான் உங்கள் வேலை.

அந்தத் துண்டுகளுக்குள் மூன்றைத் தேடுங்கள்: மேய்ச்சல், தண்ணீர், படுக்கை. செப்டம்பரில் பகல் வெயில் இன்னும் சுடும், எல்க்குக்கோ குளிர்கால ரோமம் வர ஆரம்பித்திருக்கும். அதனால் பகலில் வடக்குப் பார்த்த சரிவின் அடர்ந்த மரநிழலில் படுத்திருக்கும். செங்குத்தான சரிவில் நடுவே திண்ணை மாதிரி ஒரு தட்டையான இடம் வரும். வரைபடத்தில் உயரத்தைக் காட்டும் கோடுகள் நெருங்கி நெருங்கி வந்து திடீரென்று விலகும் இடம் அது. அதன் மேலே புல்வெளி, கீழே ஊற்று என்றால் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு இடையே மலைமுகடு தாழும் கணவாயிலும் ஒன்று. சில வருடம் முன் தீப்பிடித்துப் புதுப்புல் முளைத்த இடத்திலும் ஒன்று. 9,000 முதல் 11,000 அடி வரை பாருங்கள். இப்படி ஐந்தாறு இடம் தேறினால் போதும். ஒரே இடத்தை நம்பி வராதீர்கள். அங்கே ஏற்கெனவே நான்கு கூடாரம் இருக்கலாம்.

செயற்கைக்கோள் படம் ஒரு விஷயத்தில் கழுத்தறுக்கும். தென்மேற்குக் கொலராடோவில் ஊல்ஃப் கிரீக் கணவாய் பக்கம், வெமினூச் காட்டில், வண்டு தாக்கி ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் மலை மலையாகச் செத்து நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் வெளிச்சமான, நடக்கத் தோதான காடு மாதிரி தெரியும். கீழே இடுப்புயரத்துக்கு மரம் மேல் மரமாகக் குறுக்கும் நெடுக்கும் விழுந்து கிடக்கும். ஒரு மைல் கடக்க அரை நாள் ஆகும். அந்த மரங்களின் கீழ் கூடாரம் அடிப்பதும் ஆபத்து, ராத்திரிக் காற்றில் சாயும்.

புள்ளி வைத்தபின் ஒவ்வொன்றிலிருந்தும் வண்டி நிற்கும் இடத்துக்குக் கோடு இழுத்து, அந்த வழியில் முதுகில் 60 பவுண்டோடு நடக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாதென்றால் அந்தப் புள்ளியை அழித்துவிடுங்கள். கணக்கு இதுதான்: வளர்ந்த ஆண் எல்க்கில் எலும்பு நீக்கிய கறியே 200 பவுண்டுக்கு மேல் வரும். ஒருவருக்கு நாலு நடை. மூன்று மைல் உள்ளே அடித்தால் சுமையோடு நாலு தடவை வர வேண்டும், வெறுங்கையோடு மூன்று தடவை திரும்ப வேண்டும், ஆக 21 மைல். கறியைக் காட்டில் வீணாக விடுவது இங்கே குற்றம். டாலஸ் தம்பி, டேக் விழாத நண்பர்களையும் கூட்டி வரச் சொன்னது இதற்குத்தான்.

மலைக்கு வந்தபின் மூக்கை நம்புங்கள். எல்க் படுத்து எழுந்த இடத்தில் மாட்டுத்தொழுவமும் மூத்திரமும் கலந்த ஒரு வீச்சம் நிற்கும், பார்க்கும் முன்பே தெரிந்துவிடும். புழுக்கை பச்சையாகப் பளபளத்தால் இன்றையது. பட்டை உரிந்த மரத்தில் பிசின் இன்னும் கையில் ஒட்டினால் எல்க் சமீபத்தில் கொம்பை உரசியிருக்கிறது. ஒரு நாள் முழுக்க நடந்தும் புதுத்தடம் ஒன்றும் இல்லையா? அடுத்த புள்ளிக்குப் போங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): சார், நல்ல யூனிட் எண் ஒன்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

பதில்: மாட்டேன். யூனிட் (வேட்டைக்காக மாநிலம் பிரித்திருக்கும் பகுதி) வாரியாக எத்தனை பேர் போனார்கள், எத்தனை அடித்தார்கள் என்று மாநில வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. படியுங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): மனித வாசனையை மறைக்கும் ஸ்ப்ரே, கார்பன் உடை, இதெல்லாம் வாங்க வேண்டுமா?

பதில்: அந்தக் காசுக்கு நல்ல பூட்ஸ் வாங்குங்கள். எல்க் உங்களைப் பார்த்தால் யோசிக்கும், சத்தம் கேட்டால் நின்று கவனிக்கும், வாசனை பட்டால் அடுத்த மலைக்கே போய்விடும். மூன்று நாள் குளிக்காமல் மலையேறுகிறவனின் வாசனையை எந்த ஸ்ப்ரேயும் மறைக்காது. காற்றுக்கு எதிரே போவதுதான் ஒரே வழி.

மலைக்காற்றுக்கு ஒரு தினப்படி உண்டு. விடியற்காலையில் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவில் கீழே இறங்கும். வெயில் ஏறிச் சரிவு சூடானதும் திரும்பி மேலே ஏறும். சாயங்காலம் நிழல் விழுந்ததும் மறுபடி இறங்கும். ஆகவே காலையில் கீழிருந்து அணுகுங்கள். பத்து மணி வாக்கில் மேலே சுற்றிப் போய்விடுங்கள். இடையில் காற்று திசை மாறும் அந்த அரைமணி, ஒருமணி நேரம் எங்கேயாவது சும்மா உட்காருங்கள். பவுடர் குப்பி ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கொரு தரம் பீய்ச்சிப் பாருங்கள்.

கேள்வி (செயின்ட் லூயிஸ், மிசௌரி): வயோமிங் வரைபடத்தில் அரசு நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகை போல மாறி மாறி இருக்கின்றன. இரண்டு அரசுக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொடுகின்றன. அந்த மூலையில் தாண்டலாமா?

பதில்: தாண்டலாம், இப்போது. அந்த வழக்கை நடத்தியவர்கள் உங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள்தான். அந்தப் பலகை 1860களில் ரயில் பாதை போட யூனியன் பசிபிக்குக் கொடுத்த மானியத்தின் மிச்சம்: ஒற்றைப்படைக் கட்டம் கம்பெனிக்கு, இரட்டைப்படை அரசுக்கு. 2021இல் மிசௌரி வேட்டைக்காரர்கள் நாலு பேர் கார்பன் கவுண்டியில் ‘எல்க் மவுண்டன்’ என்ற மலையடியில் இப்படி ஒரு மூலைக்கு வந்தார்கள். அங்கே இரண்டு இரும்புக் கம்பங்களை நட்டுச் சங்கிலியால் பிணைத்திருந்தார் பண்ணைக்காரர். இவர்கள் ஏணி ஒன்றை நிறுத்தி, தனியார் மண்ணில் கால் படாமல் ஏறி இறங்கினார்கள். அத்துமீறல் வழக்கில் 2022இல் ஜூரி விடுவித்தது. பண்ணைக்காரர் லட்சக்கணக்கில் நஷ்டஈடு கேட்டுப் போட்ட சிவில் வழக்கிலும் தோற்றார். 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் (சில மாநிலங்களுக்குப் பொதுவான மத்திய நீதிமன்றம்) வேட்டைக்காரர்கள் பக்கம் நின்றது. அதே அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்துவிட்டது.

போஸ்மன், மொன்டானாவிலிருந்து ஒருவர்: இப்படி எழுதி ஆட்களைச் சிக்கலில் மாட்டிவிடாதீர்கள். இங்கே மூலை தாண்டுவது சட்டவிரோதம் என்று எங்கள் துறை தெளிவாகச் சொல்கிறது.

பதில்: சரிதான். மொன்டானாவும் ஐடஹோவும் ஒன்பதாவது வட்டாரம், அந்தத் தீர்ப்பு அங்கே கட்டுப்படுத்தாது. மொன்டானாவில் தாண்டாதீர்கள். வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்ஸிகோ ஆகியவை பத்தாவது வட்டாரம்.

மறுபடி போஸ்மன்: சட்டம் இருக்கட்டும். என் வீட்டுக்காரி குடும்பம் மூன்று தலைமுறையாகப் பண்ணை நடத்துகிறது. வேலியை அறுத்து, கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? மூலையில் உங்கள் தோள் எங்கள் நிலத்துக்கு மேலேதானே போகிறது?

லாரமி, வயோமிங்: தோள் போனால் புல் செத்துவிடுமா? மூலையை அடைத்துவைத்து, அந்தப் பக்கத்து அரசு நிலத்தையும் சொந்தக் காடாக அனுபவிப்பவர்கள் வேலியைப் பற்றிப் பேசக் கூடாது.

பதில்: இரண்டு பேரும் ஒரு நிமிடம். மேற்கு மாநிலங்களில் இப்படி மூலையில் முடங்கிக் கிடக்கும் அரசு நிலம் 83 லட்சம் ஏக்கர் என்று ஆன்எக்ஸ் வரைபட நிறுவனம் கணக்குப் போட்டது. அது என் நிலம், போஸ்மன்காரரே, உங்கள் நிலமும்தான். பொதுநிலத்துக்குப் போகிற வழியை அடைக்கக் கூடாது என்று 1885லேயே சட்டம் வந்தது. அப்போதைய மாட்டுப்பண்ணை முதலாளிகளை மனதில் வைத்துப் போட்ட சட்டம் அது, நீதிமன்றமும் அதன்மேல்தான் நின்றது. ஆகவே நியாயம் லாரமி பக்கம் என்பதே என் கட்சி. கதவைத் திறந்து போட்டுப் போகிறவனுக்காக நான் வாதாட மாட்டேன். அவனுக்கு அபராதம் போடட்டும், அவனைக் காட்டி எல்லோருக்கும் வழியை அடைக்க வேண்டாம்.

தாண்டப் போகிறவர்களுக்கு ஒன்று: போனில் தெரியும் நீலப்புள்ளியை நம்பிக் காலை வைக்காதீர்கள், அது பத்துப் பதினைந்தடி தள்ளிக் காட்டும். நில அளவைக்காரர்கள் மூலையில் பதித்த பித்தளைத் தொப்பி மண்ணோடு மண்ணாக இருக்கும், மேலே எண்கள் பொறித்திருக்கும். அதைக் கண்ணால் பார்த்தபின் தாண்டுங்கள். கண்டுபிடிக்க முடியவில்லையா, திரும்பிவிடுங்கள். அந்த மூலை வழியாகத்தான் கறியையும் சுமந்து வர வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

போஸ்மன், மூன்றாம் முறை: நஷ்டஈட்டுக் கணக்கைப் பற்றி…

பதில்: போதும் ஐயா. எல்க்குக்கு வருவோம்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): யூனிட் எண் வேண்டாம், எந்த வனம் என்று மட்டும்?

பதில்: ஹூஸ்டன் பதிலைப் பாருங்கள்.

கேள்வி (அட்லாண்டா): உயரம் ஒத்துக்கொள்ளுமா? தினமும் ஐந்து மைல் ஓடுகிறேன்.

பதில்: ஓட்டம் கால்களுக்கு உதவும், உயரநோய்க்கு உதவாது. அது மாரத்தான் ஓடுகிறவரையும் படுக்கப் போடும். வந்த அன்றே 10,000 அடியில் தூங்காதீர்கள். 6,000, 7,000 அடி ஊர்களில் ஓரிரு இரவு தங்கிவிட்டு ஏறுங்கள். மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கேள்வி (ராலே): அம்பு பட்டது, எல்க் ஓடிவிட்டது. பின்னாலேயே ஓட வேண்டுமா?

பதில்: ஓடினால் இழந்தீர்கள். அம்பைக் கண்டுபிடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, நுரையோடு ரத்தம் இருந்தால் நுரையீரல்: அரைமணி கழித்துக் கிளம்பலாம், பெரும்பாலும் 200 கஜத்துக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல்: நாலு மணி நேரமாவது உட்காருங்கள். பச்சையாக, நாற்றத்தோடு பிசுபிசுத்தால் குடல்: எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். சீக்கிரம் போய்க் கிளப்பிவிட்டால் ரத்தமே சிந்தாமல் மைல் கணக்கில் போய்விடும். ஒவ்வொரு ரத்தச்சொட்டிலும் டேப் கட்டிக்கொண்டே போங்கள், திரும்பிப் பார்த்தால் போன திசை தெரியும்.

கிடைத்தவுடன் படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் தோலை உரியுங்கள். செப்டம்பர் மதியத்தில் கறி கெடுவது இடுப்பெலும்பை ஒட்டித்தான். பின்தொடை அவ்வளவு தடிமன், உள்ளே உஷ்ணம் வெளியேற வழியில்லாமல் எலும்போரம் புளித்துவிடும். தொடையை எலும்புவரை கீறித் திறந்து, துணிப்பையில் போட்டு, ஓடைப்பக்க நிழலில் காற்றாடத் தொங்கவிடுங்கள். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பை ஒரு துண்டில் ஒட்டியபடியே விட வேண்டும் என்பது கொலராடோ சட்டம். செப்டம்பர் நடுவில் மஸில்லோடர் (குழல் வாய்வழியாக மருந்திடும் பழைய பாணி) துப்பாக்கிக்காரர்களும் காட்டில் இருப்பார்கள். வில்லுக்கு ஆரஞ்சு உடை கட்டாயமில்லை, ஆனாலும் முதுகில் கொம்பைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது ஆரஞ்சுத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (சான் ஹோசே): எச்1பி விசாவில் இருக்கிறேன். வில் வேட்டைக்குத் தடை உண்டா?

பதில்: உரிமத்துக்குக் குடியுரிமை தேவையில்லை, வில் மத்திய சட்டப்படி துப்பாக்கியும் அல்ல. 1949 ஜனவரி 1 அன்றோ பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும். அதை இப்போதே முடியுங்கள்.

கேள்வி (டென்வர்): எஸ்டஸ் பார்க்கில் சாலையோரமே ஐம்பது எல்க் நிற்கிறதே, அங்கே?

பதில்: பக்கத்தில் தேசியப் பூங்கா, வேட்டை கிடையாது. ஊருக்குள் நிற்பவை ஊர்க்காரர்களின் செல்லப்பிள்ளைகள்.

கேள்வி (கோவை): இங்கே கடமானை இப்படி…

பதில்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். நினைக்கவே வேண்டாம்.

கேள்வி (சியாட்டில்): ஆண் எல்க்கின் கூவலை (பியூகிள்) எழுப்பும் குழலும் வாயில் வைத்து ஊதும் சவ்வும் வாங்கிப் பழகுகிறேன். எவ்வளவு அடிக்கடி ஊதலாம்?

பதில்: பெண் எல்க்கின் மியாவ் ஒன்றைத் தெளிவாகப் பழகினால் முதல் வருடத்துக்குப் போதும். ஆணின் பியூகிளை மலைமுகட்டில் நின்று பத்து நிமிடத்துக்கொரு தரம் ஊதுகிறவர்கள் செப்டம்பர் முழுக்க இருப்பார்கள், எல்க்கும் அவர்களைப் பெயர் சொல்லி அறியும். ஆண் பதில் கொடுத்தால், குரல் வந்த இடத்தைக் குறித்து, காற்றைப் பார்த்து, பேசாமல் நெருங்குங்கள். அழைப்பைக் கேட்டு வரும் எல்க் பெரும்பாலும் சுற்றி வந்து, உங்கள் வாசனை காற்றில் வந்து சேரும் பக்கத்தில்தான் நிற்கும். இரண்டு பேர் என்றால் வில்லாளி முன்னால், ஊதுகிறவர் ஐம்பது, அறுபது கஜம் பின்னால்.

கேள்வி (மினியாபோலிஸ்): கறியைச் சாப்பிடும் முன் சோதிக்க வேண்டுமாமே? எப்படிச் சமைப்பீர்கள்?

பதில்: மான் இனத்தைத் தாக்கும் மூளைநோய் ஒன்று இருக்கிறது, சிடபிள்யூடி. 1967இல் ஃபோர்ட் காலின்ஸில்தான் முதலில் தென்பட்டது. மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோயுள்ள விலங்கின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதே பொது அறிவுரை. தலையை மாநிலத் துறையின் சோதனை நிலையத்தில் கொடுங்கள். முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் இருக்கட்டும். மூளையும் முதுகுத்தண்டும் மாநில எல்லை தாண்டக் கூடாது என்று பல மாநிலங்களில் விதி உண்டு, வழியில் உள்ளவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையல் சுலபம். கொழுப்பே இல்லாத கறி, முதுகுக்கறியை நிறைய வேகவைத்தால் ரப்பராகிவிடும். மிளகு, உப்பு, சூடான இரும்புக்கல், பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். கால்கறிக்கு அப்படியே எதிர்: சின்ன வெங்காயத்தோடு குக்கரில் ஏழெட்டு விசில் விட்டு, அப்புறம் சுக்காவாக வற்ற வையுங்கள்.