சென்னையில் பத்து வருஷம் ஓட்டியவர் பிரிட்டனில் ஏன் ஃபெயிலாகிறார்?

வேளச்சேரியிலிருந்து இங்கிலாந்தின் ரெடிங் நகருக்கு வந்து 8 மாதம் ஆகிறது, சென்னையில் 10 வருஷம் கார் ஓட்டியும் இங்கே டிரைவிங் டெஸ்ட்டில் இரண்டு முறை ஃபெயில், மறுபடி பணம் கட்டுவதா, பேசாமல் ஆட்டோமேட்டிக்குக்கு மாறிவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் முறை சந்திப்பில் சரியாகப் பார்க்காதது, இரண்டாம் முறை லேன் மாறும்போது கண்ணாடி பார்க்காதது என்று ரிசல்ட்டில் வந்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

பார்க்க இரண்டு தவறு. வேர் ஒன்றுதான். சென்னையில் பின்னால் வருகிறவரை நமக்குக் காட்டிக்கொடுப்பது காது. ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் ஒட்டிக்கொண்டு வந்தால் ஹார்ன் சொல்லிவிடும். முன்னால் இருப்பதை நாம் பார்த்துக்கொண்டால் போதும், பின்னால் இருப்பவர் அவர் பாட்டைப் பார்த்துக்கொள்வார். பைக்காரர் உடைத்துவிடுவார் என்று பக்கக் கண்ணாடியை மடக்கியே வைத்து ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்! பிரிட்டனில் அந்தச் சத்தம் கிடையாது. சைக்கிள்காரர் அரவமே இல்லாமல் உங்கள் இடது பக்கம் வந்து நிற்பார். காது செய்த வேலையைக் கண்ணாடிக்கு மாற்றும்வரை எத்தனை முறை போனாலும் இதே ரிசல்ட்தான். இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலப்பக்கம். அதனால் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை என்று தோன்றிவிடுகிறது.

மாற்றுவது இப்படி. வேகத்தையோ திசையையோ மாற்றும் முன், சிக்னல் போடுவதற்கும் முன், நடுக் கண்ணாடி, பிறகு போகப்போகும் பக்கத்துக் கண்ணாடி. ஓரத்திலிருந்து கிளம்பும்போது வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் விழாத இடம் அது. வாரத்துக்கு ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள், தமிழிலேயே: "நடு, இடது, சிக்னல், சைக்கிள் இல்லை, திரும்புகிறேன்." சொல்ல மறந்த இடம் எல்லாம் பார்க்க மறந்த இடம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அதைக் குறித்துவைத்தால் போதும்.

ரவுண்டானாவுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். அண்ணா நகர் ரவுண்டானாவில் மூக்கை நுழைத்தவருக்கு வழி. இங்கே வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழி. நேராகப் போக, வேறு குறி இல்லாவிட்டால், இடது லேன், நுழையும்போது சிக்னல் வேண்டாம். நீங்கள் வெளியேறும் வழிக்கு முந்தைய வழியைக் கடந்ததும் இடது கண்ணாடி, இடது சிக்னல். வலப்பக்கம் போவதென்றால் வலது லேன், வலது சிக்னலோடு நுழைந்து, வெளியேறும் முன் அதே மாதிரி இடதுக்கு மாற்ற வேண்டும். பக்கத் தெருவுக்குள் திரும்பும்போது கடக்கக் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும் என்பது 2022 ஜனவரியில் வந்த மாற்றம். நம் ஊர்க் கண்ணுக்கு அவர் நின்றுகொண்டிருப்பவர்தானே, அதனால் விட்டுப்போகும்.

மூன்றாவது டெஸ்ட்டில் வேறு ஒரு ஆபத்து இருக்கிறது. இரண்டு முறை அடி வாங்கியவர் பயந்து ஓட்டுவார். தாராளமாக இடைவெளி இருந்தும் சந்திப்பில் காத்து நிற்பார், மணிக்கு 30 மைல் வரை போகலாம் என்கிற ரோட்டில் 20-ல் போவார். அதுவும் தவறுதான், முற்றினால் 'சீரியஸ்' தவறு என்றே போடுவார்கள். டெஸ்ட் சுமார் 40 நிமிடம். சின்னத் தவறு 15 வரை மன்னிப்பு உண்டு, சீரியஸ் ஒன்று இருந்தாலே ஃபெயில். வண்டி ஒரு முறை ஆஃப் ஆனது பெரும்பாலும் சின்னத் தவறோடு போய்விடும். அதை நினைத்துப் புழுங்கி அடுத்த சிக்னலைக் கோட்டைவிடுவதுதான் ஆளைக் கவிழ்ப்பது. எக்ஸாமினர் என்ன குறிக்கிறார் என்று எட்டிப் பார்க்காதீர்கள். இங்கேயே பிறந்தவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், நாடு முழுக்கத் தேர்ச்சி பாதிக்கும் சற்றுக் குறைவு.

ஆட்டோமேட்டிக்? கிளட்ச், கியரில் குறை எழுதியிருந்தால் மாறுங்கள். உங்களுக்கு எழுதியிருப்பது கண்ணைப் பற்றி. கியர் போனாலும் கண் அதேதான். அந்த லைசென்ஸில் கியர் வண்டி ஓட்டவும் முடியாது.

பயிற்சியாளரிடம் வழக்கமான கிளாஸ் வேண்டாம், டெஸ்ட் சென்டரைச் சுற்றி, டெஸ்ட் நடக்கும் அதே நேரத்தில், அவர் ஒரு வார்த்தை பேசாமல் 40 நிமிடம் மாதிரி டெஸ்ட் வையுங்கள் என்று கேளுங்கள். சீரியஸ் இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதிரி டெஸ்ட் முடிந்தால் போகலாம்.

இனி காலண்டர். இந்திய லைசென்ஸில் ஓட்டலாம் என்பது இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான், உங்களுக்கு 4 மாதம் பாக்கி. அதற்குப் பிறகு எல் போர்டு, பக்கத்தில் 21 வயது தாண்டி, 3 வருஷம் லைசென்ஸ் வைத்திருப்பவர், உங்களுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ், மூன்றும் வேண்டும். ஃபெயிலானபின் மறு டெஸ்ட்டுக்கு குறைந்தது 10 வேலைநாள் இடைவெளி, ஆனால் தேதி கிடைக்கப் பல சென்டர்களில் மாதக்கணக்கில் ஆகிறது. ஆகவே இன்றைக்கே புக் செய்துவிட்டு, யாராவது கேன்சல் செய்த முந்தைய தேதி இருக்கிறதா என்று அரசுத் தளத்திலேயே அடிக்கடி பாருங்கள். தியரி தேர்ச்சி 2 வருஷம்தான் செல்லும். அதற்குள் இது முடியாவிட்டால் அந்த 50 கேள்வியை மறுபடி எழுத வேண்டும். தேதி நெருங்கியும் மாதிரி டெஸ்ட் சரியாக வரவில்லையென்றால் 10 வேலைநாளுக்கு முன்பே தள்ளிவையுங்கள், இல்லாவிட்டால் கட்டிய பணம் போகும். சொந்தக் காரில் போவதென்றால் எக்ஸாமினருக்குத் தனி நடுக் கண்ணாடி ஒன்று ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே டெஸ்ட்டை ரத்து செய்துவிடுவார்கள்.