கடுமையான ஆஸ்துமா உள்ள குழந்தையோடு ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குடிபோனால் சரியாகிவிடுமா?

உங்கள் குழந்தைக்கு ஏழெட்டு வயது இருக்கும் என்று நினைக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நெபுலைசர் போட்டு அலுத்துப்போயிருப்பீர்கள். யாரோ ஒரு சித்தப்பா, "மலைக்குப் போய்விடுங்கள், காற்று சுத்தம்" என்று சொல்லியிருப்பார். எனக்கும் சொன்னார்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் மகளை நிஜமாகவே மலைக்கு அனுப்பிய அம்மா. அது ஊட்டி இல்லை, சுவிட்சர்லாந்தில் இருக்கும் டாவோஸ். "பணம் இருக்கிறது, அனுப்பினீர்கள்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். நாங்கள் இருப்பது நெதர்லாந்தில். இங்கே எல்லோரும் மாதாமாதம் கட்டியே ஆகவேண்டிய மருத்துவக் காப்பீடுதான் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது.

உங்கள் கேள்விக்கு என் பதில்: வெறும் உயரத்தை நம்பிக் குடிபோகாதீர்கள். டாவோஸ் 1,560 மீட்டர்தான், ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே. உயரம்தான் மருந்து என்றால் ஊட்டியில் ஆஸ்துமாவே இருக்கக்கூடாது.

விஷயம் ஈரத்தில் இருக்கிறது. நிறையக் குழந்தைகளுக்கு ஒவ்வாமையைக் கிளப்புவது மெத்தையிலும் தலையணையிலும் வாழும் டஸ்ட் மைட், அதிலும் குறிப்பாக அதன் எச்சம். இந்தப் பூச்சி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றில் உள்ள ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்கிறது. வீட்டுக்குள் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போய் அப்படியே நின்றால் காய்ந்து செத்துவிடும். டாவோஸ் இருக்கும் ஆல்ப்ஸ் மலையில் வெளியே உறைகுளிர், அந்தக் காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதே காற்றை வீட்டுக்குள் சூடாக்கினால் அப்பளம் மாதிரி காய்ந்துவிடும். நம் மலைகளில் என்ன நடக்கிறது? மழை, மூடுபனி, ஹீட்டர் இல்லாத வீடு, பீரோவுக்குப் பின்னால் பூசணம், மாதக்கணக்கில் வெயில் படாத கம்பளி. கொலம்பியாவின் பொகோடா நகரம் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஈரமான ஊர் என்பதால் அங்கே வீட்டுத் தூசியில் மைட் இருக்கிறது.

மைட்டுக்கும் ஆஸ்துமாவுக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்ததும் நெதர்லாந்தின் டச்சுக்காரர்கள்தான். 1920களில் லைடன் நகரத்துப் பேராசிரியர் ஸ்டோர்ம் வான் லேவன், மலைக்குப் போன ஆஸ்துமாக்காரர்கள் தேறுவதைக் கவனித்து, சுத்தமான காற்று வரும் தனி அறைகளைக் கட்டிப் பார்த்தார். காரணம் மைட் என்பது 1960களில்தான் அதே ஊரில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவால் தெரியவந்தது. அவர்களுக்கு அக்கறை இல்லாமல் இருக்குமா? நாட்டில் கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே, எங்கே தொட்டாலும் ஈரம்.

ஈரம் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்போது நாங்கள் இருந்த வாடகை வீட்டில் மகள் படுக்கும் அறையின் மூலை கறுப்பாகப் பூத்திருந்தது. வீட்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்தார். சுவரைப் பார்த்ததைவிட அடுப்பில் இருந்த குக்கரைத்தான் அதிக நேரம் பார்த்தார். "நீங்கள் நிறைய வேகவைக்கிறீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேல்வீட்டுப் பாட்டி இரண்டு வேளையும் வெறும் ரொட்டியும் சீஸும் சாப்பிடுகிறவர். அவர் வீட்டிலும் அதே மூலையில் அதே கறுப்பு! அவரிடம் யாரும் என்ன சமைக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, மகளுக்கு வருகிறேன். அப்போது பன்னிரண்டு வயது. இரண்டு வித இன்ஹேலர், அதற்கு மேல் அடிக்கடி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. அதனால் முகம் உப்பிப்போய், வகுப்புப் போட்டோவில் கடைசி வரிசையில் குனிந்து நிற்பாள். டாவோஸ் போனபின் முதல் போனில் மூச்சைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "அம்மா, இங்கே எல்லாருக்கும் முகம் உப்பித்தான் இருக்கு" என்றாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி.

டாவோஸ் ஒரு காலத்தில் காசநோய்க்காரர்களின் ஊர். சானடோரியம் என்றால் நமக்குத் தாம்பரம் பக்கத்து ஸ்டேஷன், அங்கே மலைச்சரிவு முழுக்க சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனைகள்தான். காசநோய்க்கு மருந்து வந்தபின் அந்தக் கட்டடங்கள் சில ஆஸ்துமாவுக்கு மாறின. இத்தாலியில் மிசூரினா, பிரான்சில் பிரியான்சோன் என்று இன்னும் சில மலையூர்களிலும் குழந்தைகளுக்காக இப்படி நடத்தியிருக்கிறார்கள். காற்றை மட்டும் வைத்து யாரும் வைத்தியம் செய்யவில்லை. கார்ப்பெட் இல்லாத அறை, மெத்தைக்கு மூடிய உறை, தினமும் உடற்பயிற்சி, நடுவே பள்ளிப் பாடம். இன்ஹேலரை இவள் இழுத்த கையோடு மூச்சை விட்டுவிடுவாள், மருந்து எங்கே உள்ளே போகும்? அங்கிருந்த நர்ஸ் எதிரே உட்கார்ந்து விரலை மடக்கி மடக்கி எண்ணி, மூச்சை அடக்கப் பழக்கினார். வாரங்கள் போகப் போக மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். நீங்களாக அப்படிக் குறைத்துவிடாதீர்கள், ஆபத்து.

மூன்று மாதத்தில் படியேற ஆரம்பித்தாள், ஓடினாள். உண்மை.

கீழே வந்தபின்? மெல்ல மெல்லக் கொஞ்சம் திரும்பியது. அதுவும் உண்மை. மைட் உள்ள வீட்டுக்கு வந்தால் மூச்சுக்குழாய் வீக்கம் திரும்பும் என்று அவர்களே முன்கூட்டிச் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் மாத்திரை பழைய அளவுக்குப் போகவில்லை. இன்ஹேலரைச் சரியாக இழுக்கிறாள், நாங்களும் வீடு மாறிவிட்டோம். இதில் மலையின் பங்கு எவ்வளவு, நர்ஸின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. "ஆதாரம் போதாது" என்று சொல்லும் மருத்துவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை. மலைக்குப் போனது தெரியாமல் ஒரு குழந்தையை மலையில் வைத்துச் சோதிக்க முடியாதே.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் வீடு மாற்றும் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் ஒவ்வாமைப் பரிசோதனை செய்வேன். மைட் இல்லாமல் பூசணமோ மகரந்தமோ காரணம் என்றால் மலை இன்னும் மோசமாக்கலாம். அப்புறம் மெத்தை, தலையணைக்கு ஜிப் வைத்த உறை, வாரம் ஒருமுறை சுடுநீரில் போர்வைத் துவையல், ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் குடுவை) வைத்து மருந்து இழுக்கும் முறையை மருத்துவர் முன்னால் செய்துகாட்டிச் சரிபார்ப்பது. இவ்வளவும் செய்து அடங்கவில்லை என்றால் ஓமலிசுமாப் மாதிரி ஊசிகள் 6 வயதிலிருந்தே போடலாம், இந்தியாவிலும் கிடைக்கிறது. விலை அதிகம், ஆனாலும் கேட்டுப் பாருங்கள். ஊட்டிக்கு லீவில் போங்கள், மூச்சு முட்டினால் உடனே இழுக்கும் நீல இன்ஹேலர் கைப்பையில் இருக்கட்டும்.

கமெண்டில் ஹைதராபாத் மீன் மருந்து, ஆடாதோடை, தூதுவளை என்று எழுத வருபவர்கள் சிரமப்பட வேண்டாம். எல்லாவற்றையும் என் மாமியார் ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.