ஒரு வயதுக் குழந்தைக்கு முழு மயக்கம் கொடுத்தால் மூளை மந்தமாகுமா?

கேள்வி: கூடலூரில் வசிக்கிறோம். 14 மாத ஆண் குழந்தைக்கு இடுப்புக்குக் கீழே குடலிறக்கம். அறுவை சிகிச்சை தேவை என்கிறார் மருத்துவர். இந்த வயதில் முழு மயக்கம் கொடுத்தால் பின்னாளில் அறிவு மந்தமாகிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மூன்று நான்கு வயது வரை தள்ளிப்போடலாமா?

பதில்:

தள்ளிப்போடாதீர்கள். மூளை மந்தமாகும் என்ற பயத்துக்காக நிச்சயமாகத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் மருத்துவர் அல்ல. கோத்தகிரி பக்கம் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்தின் மருமகள். மருத்துவக் கேள்விக்கு மருத்துவர் அல்லாதவர் எப்படிப் பதில் எழுதலாம் என்று இங்கே சிலர் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: குழந்தையைத் தொட்டுப் பரிசோதித்த மருத்துவரின் சொல்தான் இறுதி. ஆனால் "வீட்டில் பயப்படுகிறார்கள்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்தப் பயத்தோடு பல வருடங்களாக ஒரே வீட்டில் குடியிருக்கிறேன்.

என் மகன் இப்போது ஐந்தாம் வகுப்பு. தமிழ் நன்றாகப் படிப்பான், படம் வரைவான், கணக்கில் மட்டும் மெதுவாக வருகிறான். அவன் வகுத்தல் கணக்கில் திணறும் ஒவ்வொரு முறையும் வீட்டில் யாராவது ஒருவர், "ஒரு வயது முடிவதற்குள் மயக்க மருந்து கொடுத்த பிள்ளை, வேறு எப்படி இருக்கும்?" என்பார்கள். சொல்வது அவனைப் பற்றி, பார்வை என் மேல். பள்ளியிலும் ஓர் ஆசிரியை மற்றப் பெற்றோர் முன்னால் இதையே கேட்டார். எங்கள் ஊரில் கணக்கு வராத பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் பெரும்பாலோர் அறுவை அரங்கின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. அவர்களுடைய அம்மாக்களிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

2016 கடைசியில், குளிப்பாட்டும்போதுதான் கவனித்தேன். அவன் வீறிட்டு அழும்போது வலது தொடை இடுக்கில் ஒரு வீக்கம், அமைதியானால் உள்ளே போய்விடும். "தானே சரியாகிவிடும், உன் கணவனுக்கும் சிறு வயதில் தொப்புள் துருத்திக்கொண்டுதான் இருந்தது" என்றார் மாமியார். உங்கள் வீட்டிலும் இதைச் சொல்லியிருப்பார்கள். இரண்டும் வேறு வேறு. தொப்புளில் வரும் குடலிறக்கம் பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளர மூடிக்கொள்ளும். தொடை இடுக்கில் வருவது அப்படியல்ல. கருவில் இருக்கும்போது விரை வயிற்றிலிருந்து கீழே இறங்கி வந்த வழி மூடாமல் நின்றுவிடுவதால் வருவது இது. தைலமோ, இடுப்பில் கட்டும் பட்டையோ அந்த வழியை மூடாது. குடல் அதற்குள் சிக்கிக்கொண்டால் ரத்த ஓட்டம் தடைபட்டுக் குடலும் அழுகும், அந்தப் பக்கத்து விரையும் கெடும். குழந்தை எவ்வளவு சிறியதோ, சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் அவ்வளவு அதிகம். ஆகவே, வளர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த நோய்க்குப் பொருந்தாத அறிவுரை.

கோவையில் ஒரு பெரிய மருத்துவமனையில் தேதி கொடுத்தார்கள். அதே வாரம் கொழுந்தனார் வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி அனுப்பினார்: மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மயக்க மருந்து மூளையைப் பாதிக்கும் என்று அமெரிக்க அரசே எச்சரித்துவிட்டதாம். வீடே இடிந்துபோய் உட்கார்ந்தது. நான் அந்த எச்சரிக்கையின் முழு வாசகத்தைத் தேடி அச்செடுத்து, மயக்கவியல் மருத்துவரிடமே கொண்டுபோனேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. உட்கார வைத்து ஒவ்வொரு வரியாக விளக்கினார்.

எச்சரிக்கை உண்மைதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 டிசம்பர் 14 அன்று வெளியிட்டது. ஆனால் அது சொன்னது, மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கத்தையும் திரும்பத் திரும்பக் கொடுக்கும் மயக்கத்தையும் பற்றி. ஒரே ஒருமுறை, குறுகிய நேரம் கொடுக்கப்படும் மயக்கம் தீங்கு செய்ய வாய்ப்பில்லை என்று அதே அறிக்கையில் எழுதியிருந்தது. வாட்ஸ்ஆப்பில் அந்த வரி மட்டும் காணாமல் போயிருந்தது. இந்தப் பயத்தின் வேர் 2003-இல் வெளியான ஓர் எலி ஆய்வு. பிறந்து ஏழு நாள் ஆன எலிக்குட்டிகளுக்கு ஆறு மணி நேரம் மயக்க மருந்துகளைக் கலந்து கொடுத்தபோது மூளை அணுக்கள் அழிந்தன. ஏழு நாள் எலிக்கு ஆறு மணி நேரம் என்பதை, ஒரு மனிதக் குழந்தையின் ஒரு மணி நேரத்தோடு அப்படியே ஒப்பிட முடியாது.

பிறகு மனிதக் குழந்தைகளிடமே பார்த்தார்கள். அதுவும் நம் பிள்ளைகளுக்கு வந்த இதே குடலிறக்கத்துக்காக அறுவை செய்துகொண்ட கைக்குழந்தைகளிடம்! ஏழு நாடுகளில் 722 குழந்தைகள். ஒரு பாதிக்கு செவோஃப்ளுரேன் வாயுவால் முழு மயக்கம், மறு பாதிக்கு விழித்திருக்கும்போதே முதுகில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். அவர்களை ஐந்து வயதில் சோதித்த முடிவு 2019-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. நுண்ணறிவு எண் (ஐ.க்யூ.) சராசரி முழு மயக்கக் குழுவில் 98.97, மற்றக் குழுவில் 99.08. மயக்க நேரம் அவர்களுக்கும் பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டியதுதான். 2016-இல் வந்த இன்னோர் ஆய்வில் 105 ஜோடி உடன்பிறப்புகளை எடுத்தார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று வயதுக்குள் குடலிறக்க அறுவை நடந்திருக்கும், மற்றதற்கு நடந்திருக்காது. வளர்ந்தபின் இரு சாராருக்கும் சராசரி 111.

ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மூன்று வயதுக்குள் பலமுறை மயக்கம் பெற்ற குழந்தைகளை அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். நுண்ணறிவு எண்ணில் வித்தியாசம் இல்லை. ஆனால் விரல்களின் நுண்வேலையிலும் சிந்திக்கும் வேகத்திலும் சிறிது குறைவு தெரிந்தது. ஆகவே பல அறுவைகள் தேவைப்படும் குழந்தையின் பெற்றோர் விரிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் குழந்தைக்கு ஒரே ஓர் அறுவை.

மூளையைப் பற்றிக் கவலைப்படுகிற வீடுகள் சளியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்களுக்குத் தேதி ஜனவரியில். உறைபனிக் காலம். காலையில் தேயிலைச் செடி மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளையாக இருக்கும். மலையில் எந்தக் குழந்தைக்கு அப்போது மூக்கு ஒழுகாது? முந்தைய நாள் ஜீப் பிடித்துக் கிளம்பும்போதே மகனுக்கு இருமல். இரண்டு நாள் முன்பு காய்ச்சலும் இருந்தது. "டாக்டரிடம் சளி என்று வாயைத் திறக்காதே, திருப்பி அனுப்பிவிடுவார்கள், மறுபடி யார் ஏறி இறங்குவது?" என்றார்கள் பெரியவர்கள். வண்டி வாடகை, கிள்ளாமல் விட்ட கொழுந்து, எல்லாம் உண்மைதான். நான் வாயைத் திறந்தேன். காய்ச்சல், இருமல், பச்சை நிறச் சளி, ஒன்று விடாமல் சொன்னேன். நெஞ்சைக் கேட்டுப் பார்த்துவிட்டு அன்றைக்கு வேண்டாம் என்றார் மயக்கவியல் மருத்துவர்.

காரணத்தையும் சொன்னார். சளி பிடித்த குழந்தையின் மூச்சுப்பாதை வீங்கி, தொட்டால் சீறும் நிலையில் இருக்கும். மயக்கத்தின்போது குரல்வளைத் தசைகள் திடீரென இறுகிக் காற்று உள்ளே போகாமல் அடைத்துவிடக்கூடும். பெரியவர்களைவிடக் குழந்தையின் உடல், எடைக்கு எடை ஏறத்தாழ இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கும். அதனால் மூச்சு நின்றால் சமாளிக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. சளி நின்ற பிறகும் சில வாரங்களுக்கு அந்த எரிச்சல் இருக்கும் என்பதால் தள்ளி வைக்கிறார்கள். திரும்பும் வழியில், மலைப்பாதையில் குஞ்சப்பனை ஊரைத் தாண்டும்வரை யாரும் என்னோடு பேசவில்லை. அன்று நான் உண்மையைச் சொன்னதை இன்றும் பெருமையாக நினைக்கிறேன்.

அடுத்த தேதிக்கு முதல் நாள் இரவே மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டோம். வயிற்றைக் காலியாக வைக்கும் கணக்கு மலைப்பாதையில் சரிவராது. சோறு, பசும்பால் என்றால் ஆறு மணி நேரம், தாய்ப்பால் என்றால் நான்கு மணி நேரம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்றார்கள். (தண்ணீரை ஒரு மணி நேரம் முன்பு வரை கொடுக்கலாம் என்று 2018-இல் ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் அறிவித்தன. உங்கள் மருத்துவமனை எதைப் பின்பற்றுகிறது என்று கேளுங்கள்.) பசியில் அழுத குழந்தையின் வாயில் ஒரு மடக்கு பால் ஊற்றச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

முதலில் ஊசி இல்லை. முகத்தில் ஒரு சிறிய மூடி, அதில் செவோஃப்ளுரேன். மூக்கில் எரிச்சல் தராத வாயு என்பதால் குழந்தை திமிறாமல் மூச்சு இழுத்தது. என் மடியிலேயே சிறிது நேரத்தில் உறங்கிவிட்டான். அதற்குப் பிறகுதான் கையில் ஊசி செருகினார்கள். மருத்துவர் கையில் ஒரு குழாயும் சிறு பையும் இருந்தன. அதை ஜாக்சன் ரீஸ் என்கிறார்கள். 1937-இல் இங்கிலாந்தின் பிலிப் ஏயர், உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைகளின் அறுவைக்காக, சிறு நெஞ்சுக்கு மூச்சு விடச் சிரமம் தராத வால்வு இல்லாத குழாயை உருவாக்கினார். 1950-இல் ஜாக்சன் ரீஸ் அதில் பையைச் சேர்த்தார். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்த, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி இருக்கிறதே, அதன் அடிப்படையை ஜப்பானின் தகுவோ அவோயாகி 1974-இல் கண்டுபிடித்தார். அதற்கு முன் உதடு நீலமாகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். நம் குழந்தை உறங்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் இத்தனை பேர் நிற்கிறார்கள்.

உறங்கிய பிறகு வால் எலும்புக்கு மேலே ஒரு மரப்பு ஊசி போட்டார்கள். எழுந்த பின்னும் பல மணி நேரம் அறுத்த இடம் வலிக்காமல் இருந்தது அதனால்தான். "முதுகில் ஊசியா, காலம் முழுக்க முதுகுவலி" என்று அதற்கும் வீட்டில் பேச்சு. அவன் மரம் ஏறுகிறான், கால்பந்து விளையாடுகிறான்.

ஒன்றை மட்டும் யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். விழிக்கும்போது அவன் என்னை அடையாளம் காணாதவன்போல் கத்தினான், உதைத்தான், கையைத் தட்டிவிட்டான். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நடுங்கிப் போனேன். செவோஃப்ளுரேனிலிருந்து விழிக்கும் சிறு குழந்தைகளுக்கு இது வருவதுண்டு, அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று செவிலியர் சொன்னார். அப்படியே அடங்கியது, பால் குடித்தான். அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள்.

"அந்தக் காலத்தில் பச்சைக் குழந்தைக்கெல்லாம் மயக்கமா கொடுத்தார்கள்?" என்று ஒரு பெரியப்பா கேட்டார். பல பச்சைக் குழந்தைகளுக்குச் சரியாகக் கொடுக்கவில்லைதான். 1980-கள் வரை, பிறந்த குழந்தைக்கு வலி உணரும் அளவு நரம்பு வளரவில்லை என்று நம்பி, தசையைத் தளர்த்தும் மருந்தோடு போதிய வலி மருந்து இல்லாமலே நெஞ்சை அறுத்திருக்கிறார்கள். அந்தச் சிசு அசையவும் முடியாமல், அழவும் முடியாமல் கிடந்திருக்கும். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஓர் இந்திய மருத்துவர், கன்வல்ஜீத் ஆனந்த். ஆக்ஸ்ஃபோர்டில், குறைமாதக் குழந்தைகளின் இதய அறுவையில் ஃபென்டனில் என்ற வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் உடலின் அதிர்ச்சி வெகுவாகக் குறைகிறது, சிக்கல்களும் குறைகின்றன என்று 1987-இல் காட்டினார். மயக்க மருந்தைக் குழந்தைக்குச் செய்யும் கொடுமை என்று பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது இல்லாமல் அறுத்ததுதான் கொடுமை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் மனதில் கிடக்கிறது. அந்த அறுவைக்கு நாங்கள் வட்டிக்குப் பணம் வாங்கினோம். ஒரு மாதம் முழுக்கப் பச்சைத் தேயிலையைத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு, கிலோவுக்கு என்ன விலை என்று மாத முடிவில்தான் தெரிந்துகொள்கிறோம். உரக்கடைக்காரரும் ஜீப்காரரும் மருத்துவமனையும் தங்கள் விலையை முதலிலேயே சொல்கிறார்கள். விளைவிக்கிற எங்களுக்கு மட்டும் அந்த உரிமை இல்லை. பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய மாதத்தில் இது எவ்வளவு கசக்கும் என்பது தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் தோட்டம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் ஊட்டி ஏறிக் கோவைக்கு இறங்குவீர்களோ, நாடுகாணி வழியாகக் கேரளத்துக்குப் போவீர்களோ தெரியாது. 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். முதலில் அங்கே விசாரியுங்கள். எங்கே போனாலும் அறுவை செய்பவர் பெயரை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். மயக்கம் கொடுப்பவர் யார், ஒரு வயதுக் குழந்தைகளுக்கு அடிக்கடி கொடுத்துப் பழகியவரா, அறுவை முடியும்வரை பக்கத்திலேயே இருப்பாரா என்று கேளுங்கள். கேட்டதற்காக யாராவது முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். தேதிக்கு முன்பே அவரை ஒருமுறை நேரில் பார்த்து, குழந்தையின் எடை, பழைய நோய், குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் சிக்கல் வந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

அதுவரை டயப்பர் மாற்றும்போதெல்லாம் வீக்கத்தைப் பாருங்கள். உள்ளே போகாமல் கல்போல் இறுகி, குழந்தை விடாமல் அழுது, வாந்தி எடுத்தால், குறிப்பாகப் பச்சையாக வாந்தி எடுத்தால், தேதிக்காகவும் காத்திருக்க வேண்டாம், காலை பஸ்ஸுக்காகவும் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். அந்த நேரத்தில் சளி இருந்தாலும் அறுவை செய்வார்கள், செய்யத்தான் வேண்டும்.