கிடக்கிற கோழியையெல்லாம் அடை வைக்கலாமா?

கேள்வி: எங்கள் வளவில் நான்கு ஊர்க்கோழிப் பேடுகளும் ஒரு சேவலும் நிற்கின்றன. புரட்டாதியில் ஒரு பேட்டைப் பதின்மூன்று முட்டையில் அடை வைத்தேன். இடையில் இன்னொரு பேடும் அதே கடகத்துக்குள் ஏறிக்கொண்டது. கடைசியில் ஐந்து குஞ்சுகள்தான் பொரித்தன. இரண்டைக் காகம் கொண்டுபோய்விட்டது, ஒன்றைக் கீரி பிடித்துவிட்டது. மிஞ்சியவை இரண்டு. இப்போது அந்த இரண்டாவது பேடு மூன்று கிழமைக்கு மேலாக வெறுங்கடகத்தில் கிடந்து எழும்ப மறுக்கிறது. "கிடக்கிற கோழிக்கு முட்டை வை" என்கிறார் மாமி. "தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி எடுத்தால் தெளிந்துவிடும்" என்கிறார் கணவர். குஞ்சுகளை நினைத்து மகள் அழுகிறாள். எல்லாவற்றையும் சந்தையில் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன்.
– வாசகி, மீசாலை

பதில்:

கோழிகளைக் கொடுத்துவிடாதீர்கள், தங்கச்சி. உங்கள் கடிதத்தில் பேடுகளின் குறை என்று ஒன்றையும் நான் காணவில்லை. அடை கிடக்கத் தெரிந்த கோழி இந்தக் காலத்தில் ஒரு சொத்து. பண்ணைகளில் வளரும் முட்டைக்கோழிகளில் அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிவுசெய்து குறைத்துவிட்டார்கள். வீட்டில் பெண்பிள்ளை பெரியவளானால் நல்லெண்ணெயோடு ஊர்க்கோழி முட்டைக்கும் ஊரெல்லாம் சொல்லிவைத்து அலைகிறோம். அந்த முட்டை தரும் கோழியைத் தானே பெருக்கிக்கொள்ளும் பேடு உங்கள் வளவிலேயே நிற்கிறது.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். கிடக்கிற கோழியையெல்லாம் அடை வைக்கக் கூடாது. எந்தப் பேடு, எந்த முட்டை, எந்த மாதம் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அதைத் தீர்மானித்துக் கொடுத்துவிட்டால் இருபத்தொரு நாளும் சூடு பார்ப்பதையும் முட்டை புரட்டுவதையும் பேடு நம் எவரையும்விட நன்றாகச் செய்துகொள்ளும்.

பதின்மூன்றில் ஐந்து என்பது ஏன்? பொரிக்காத முட்டைகளை வேலிக்கு அப்பால் எறிந்திருப்பீர்கள், பலரும் அதைத்தான் செய்கிறார்கள். அடுத்த முறை மூக்கைப் பொத்திக்கொண்டாவது வளவின் ஓரத்தில் ஒவ்வொன்றாக உடைத்துப் பாருங்கள். உள்ளே மஞ்சள் கருவும் வெள்ளைக் கருவும் மட்டுமே இருந்தால் அது பெரும்பாலும் கருக்கட்டாத முட்டை. சேவல் சேரவில்லை என்று கொள்ளலாம். இரத்தம் வளையமாகக் கட்டியிருந்தால் கரு தொடக்கத்திலேயே இறந்திருக்கிறது. அதிக நாள் வைத்திருந்த முட்டையில் இது நடக்கும். இறகு முளைத்து முழுதாக வளர்ந்த குஞ்சு உள்ளே செத்துக் கிடந்தால் கடைசி நாட்களில் சூடு தவறியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் நடந்தது இந்தக் கடைசி வகை என்றே நினைக்கிறேன். இரண்டாவது பேடு முதலில் ஏறியது அடை கிடக்க அல்ல, முட்டையிட. அடைக்கோழி கிடக்கும் கடகத்தைக் கண்டால் மற்றப் பேடுகளும் அதற்குள்ளேயே முட்டையிடப் பார்க்கும். அப்படிச் சேர்ந்த முட்டைகள் நாலைந்து நாள் பிந்தியவை. முதல் முட்டைகளுக்கு நாள் நிரம்பிக் குஞ்சு வெளியே வந்ததும், ஓரிரு நாளில் தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிடும். பிந்திய முட்டைகள் உயிரோடு குளிர்ந்து போகும். போதாக்குறைக்கு ஒரே கடகத்தில் இரண்டு கோழிகள் நெருக்கினால் முட்டைகள் ஓரத்துக்கு உருண்டு சூடு கிடைக்காமல் போகும், சில உடையும்.

ஆகவே அடைக்கோழிக்குத் தனியிடம் கொடுங்கள். வீட்டில் இருக்கும் பழைய கடகமே போதும். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு மணலைப் போட்டு நடுவில் சிறிது பள்ளமாக்கி, அதன்மேல் வைக்கோலைப் பரப்புங்கள். வைக்கோலுக்கு அடியில் காய்ந்த வேப்பிலை கொஞ்சம் போட்டுவிட்டால் பேன் தொல்லை குறையும். பேன் மொய்த்தால் எவ்வளவு நல்ல பேடும் கடகத்தை விட்டு எழும்பிவிடும். மற்றக் கோழிகள் ஏறாதபடி முன்னால் ஒரு தட்டி வைத்து மறையுங்கள். பேட்டை அந்த இடத்துக்கு மாற்றுவதாக இருந்தால் இரவில் மாற்றுங்கள். பகலில் தூக்கி வைத்தால் பழைய இடத்துக்கே ஓடும். இரண்டு பழைய முட்டைகளை வைத்து ஒன்றிரண்டு நாள் பார்த்து, அது உறுதியாகக் கிடந்தால் நல்ல முட்டைகளை வையுங்கள். இடி முழக்கத்தில் முட்டை கெடாமலிருக்க என்று மாமி கடகத்துக்குள் இரும்புத் துண்டும் கரியும் வைப்பார் என்று நினைக்கிறேன். வைக்கட்டும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. மாரியில் இடியைவிட ஈரத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

ஊர்க்கோழிக்குப் பத்து, பன்னிரண்டு முட்டைக்கு மேல் வேண்டாம். ஒரு முட்டையாவது சிறகுக்கு வெளியே தெரிந்தால் அது கூடுதல். ஒரு கிழமைக்கு உட்பட்ட முட்டைகளாக, கழுவாமல், கூர்முனை கீழே இருக்க வைத்தெடுத்தவையாக இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள். பேனா மை வேண்டாம். பேடு நாளுக்கு ஒருமுறை பதினைந்து, இருபது நிமிடம் இரை தின்ன இறங்கும்போது, வட்டம் இல்லாத முட்டை கிடந்தால் எடுத்துவிடுங்கள்.

ஏழாம் நாள் இரவு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். விளக்கை அணைத்துவிட்டு, கைத்தொலைபேசி வெளிச்சத்தை முட்டையின் மொட்டைப் பக்கத்தில் வைத்து உள்ளங்கையால் சுற்றிப் பொத்துங்கள். ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து பிரியும் மெல்லிய சிவப்பு நரம்புகளும் தெரியும். சற்றுப் பொறுத்திருந்தால் அந்தப் புள்ளி அசைவதும் தெரியும். ஒன்றுமே இல்லாமல் வெளிச்சம் ஊடுருவிப் போகும் முட்டைகளை எடுத்துவிடுங்கள். செத்த குஞ்சுகளுக்காக அழுத பிள்ளை இதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இனி, வெறுங்கடகத்தில் கிடக்கும் பேடு. இதில் மாமியின் சொல்லையும் உங்கள் கணவரின் சொல்லையும் மறுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அது ஏற்கெனவே மூன்று கிழமைக்கு மேல் சரியாகத் தின்னாமல் கிடந்துவிட்டது. தூக்கி நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள், கத்தி விளிம்புபோல் கையில் தட்டுப்படும். இன்னும் இருபத்தொரு நாள் கிடக்க வைத்தால் குஞ்சு வரும்போது தாய்க்கு வளர்க்கச் சக்தி இருக்காது. தண்ணீரில் அமிழ்த்துவதும் வேண்டாம். அடை என்பது பிடிவாதம் அல்ல. புரோலாக்டின் என்ற ஓமோன் உடம்பில் ஏறியிருப்பதால் வரும் நிலை. நனைத்தால் கோழி வெருண்டு நடுங்கும், காய்ந்ததும் பழையபடி கடகத்துக்கே போகும். இந்த ஈரக்காற்றில் சளியும் பிடிக்கும். மூக்குத்துவாரத்தில் இறகு செருகுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கொடுமை, யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

கம்பிவலை அடித்தளமுள்ள ஒரு கூட்டை நான்கு கல்லின்மேல் உயர்த்தி, வெளிச்சமும் காற்றும் படுகிற, மழை அடிக்காத இடத்தில் வையுங்கள். வைக்கோலோ சாக்கோ உள்ளே போடக் கூடாது. தீனும் தண்ணீரும் குறைவில்லாமல் கொடுங்கள். அடிவயிற்றில் காற்றுப் பட்டுச் சூடு தணிய, மூன்று நான்கு நாளில் பேடு தெளியும். திறந்துவிட்டதும் கடகத்தை நோக்கி ஓடினால் இன்னும் இரண்டு நாள் வைத்திருங்கள். அதற்குள் கடகத்தையும் கண்ணில் படாமல் எடுத்துவிட வேண்டும். தெளிந்த பேடு சில கிழமைகளில் திரும்ப முட்டையிடத் தொடங்கும்.

மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை நமக்கு மாரி. இப்போது பொரிக்கும் குஞ்சு ஈரத் தரையில் குளிர்ந்தே பாதி போய்விடும். தைப்பொங்கல் கழிந்ததும் அடை வையுங்கள். மாசியில் குஞ்சு இறங்கும்போது நிலம் காய்ந்திருக்கும், புல்லும் பூச்சியும் இருக்கும், சோளகக் காற்றும் கடும் வெயிலும் வருவதற்குள் குஞ்சுகள் தேறிவிடும். அப்போது இரண்டு பேடுகள் ஒன்றாக அடைக்குக் கிடந்தால் ஒரே நாளில் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். பொரித்த அன்றிரவே எல்லாக் குஞ்சுகளையும் நல்ல தாயொன்றின் சிறகுக்குள் தள்ளிவிட்டு மற்றதைத் தெளியவைத்து முட்டைக்கு விடலாம். இருட்டில் சேர்த்தால் ஏற்றுக்கொள்ளும். ஓரிரு நாள் போய்விட்டால் பிறத்தியார் குஞ்சைக் கொத்திக் கொன்றுவிடும்.

ஓட்டில் கீறல் விழுந்த பிறகு குஞ்சு வெளிவர ஒரு நாள்கூட எடுக்கும். பொறுமையிழந்து ஓட்டை உரித்துவிடாதீர்கள், உள்ளே இரத்த நாளங்கள் வற்றி முடிந்திருக்காது. வந்த குஞ்சு வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கருவைக் கொண்டே இரண்டு நாள் தாங்கும். தாய் எழும்பும்வரை தீன் போட்டு அவசரப்படுத்த வேண்டாம்.

நீங்கள் இழந்த மூன்று குஞ்சுகளும் போனது முற்றத்தில். ஒரு மாதம்வரை குஞ்சுகளைத் தாயோடு வலைக்கூட்டுக்குள் வைத்திருங்கள். கீரி பகலில் வரும், மரநாயும் பாம்பும் இரவில் வரும். ஆகையால் கீழ்ப்பகுதிக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை வேண்டும். மேலே பழைய மீன்வலையைக் கட்டினாலே காகமும் பருந்தும் இறங்க மாட்டா. குஞ்சுத் தீன் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் குறுணல் அரிசியோடு கறையானும் அவித்த முட்டையும் கொடுக்கலாம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வையுங்கள், சின்னக் குஞ்சு விழுந்தால் எழும்பத் தெரியாது. அடைத்து வளர்ப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. தரை ஈரமானால் மூன்றாம் கிழமையிலிருந்து இரத்தக் கழிச்சல் வரக்கூடும். கூட்டை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள், எச்சத்தில் சிவப்புக் கண்டால் அன்றே கால்நடை வைத்தியரிடம் போங்கள்.

இப்போது மிஞ்சியிருக்கும் இரண்டையும் தாயோடு உயர்ந்த, காய்ந்த இடத்தில் வைத்திருங்கள். வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டாக விட வேண்டும். மழைக்குப் பிறகு நுளம்பு பெருகினால் கோழி அம்மையும் பரவும், அதற்கும் தடுப்பூசி உண்டு. எதை எப்போது கொடுப்பது என்று உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு குப்பி மருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்குக் காணும். கரைத்த பிறகு சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இரண்டு குஞ்சுக்காக ஒரு குப்பியா என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் கோழி வைத்திருப்பவர்களிடம் சொல்லி ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து போட ஒழுங்கு செய்யுங்கள். மருந்தை எடுத்துவரப் போகும்போது ஐஸ் கட்டி போட்ட போத்தலொன்றையும் கொண்டு போங்கள்.