பனிக்கட்டியில் சிக்கும் உயிர்கள்: கேள்வி பதில்

கேள்வி: துருவக் கடலிலேயே வாழும் திமிங்கிலம் பனிக்கட்டியில் மாட்டிச் சாகிறது என்கிறார்களே, குளிர் அதற்குப் பழக்கம்தானே ஐயா?

பதில்: பழக்கம்தான். அதைக் கொல்வது குளிர் இல்லை, மூச்சுத்திணறல். திமிங்கிலம் நுரையீரலால் சுவாசிப்பது. மேலே வந்தே ஆகவேண்டும். விரிகுடாவின் வாய் உறைந்துவிட்டால் உள்ளே இருப்பவற்றுக்கு மிஞ்சுவது சில துளைகள்தான். அவையும் நாளுக்கு நாள் சுருங்கும். ஒரே மூச்சில் நீந்தக்கூடிய தூரத்துக்குள் திறந்த நீர் இல்லையென்றால் தப்ப முடியாது.

2008 நவம்பரில் கனடாவின் பாண்ட் இன்லெட் அருகே அறுநூறுக்கும் மேற்பட்ட நார்வால்கள் (நீண்ட கொம்புபோன்ற தந்தமுள்ள துருவத் திமிங்கிலங்கள்) இப்படி அகப்பட்டன. வெளியேற்ற வழியில்லாமல் அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் வேட்டைக்காரர்கள் அவற்றைக் கொன்று உணவாக்கினார்கள். கொடுமை என்று பலர் கொதித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்குலம் அங்குலமாக மூச்சுமுட்டிச் சாவது அதைவிடக் கொடுமை.

கேள்வி: கப்பல் விட்டுப் பனியை உடைத்துக் காப்பாற்ற முடியாதா?

பதில்: முடியும், செய்தும் இருக்கிறார்கள். 1988 அக்டோபரில் அலாஸ்காவின் பாயிண்ட் பாரோ அருகே மூன்று சாம்பல் திமிங்கிலங்கள் சிக்கின. அலாஸ்காவின் பூர்வகுடிகளான இனுபியாட் மக்கள் ரம்பத்தால் வரிசையாகத் துளை வெட்டிக்கொண்டே போனார்கள். கடைசியில், பனிப்போர்க் காலம் என்றும் பாராமல், சோவியத் பனியுடைப்புக் கப்பல்கள் வந்து வழி திறந்தன. சிறியது அதற்குள் இறந்துவிட்டது.

அதற்கு முன்பே, 1985இல், சோவியத்தின் வடகிழக்குக் கோடியான சுகோத்கா கடற்கரையில் பெலூகா எனும் வெள்ளைத் திமிங்கிலங்களின் பெரும் கூட்டம் ஒன்று அடைபட்டது. ‘மாஸ்க்வா’ என்ற பனியுடைப்புக் கப்பல் பாதை போட்டுக் கொடுத்தும் அவை பின்னால் வரவில்லை. ஒலிபெருக்கியில் இசை போட்ட பிறகுதான் வந்தன என்பது அன்றைய சோவியத் செய்தி. எந்தப் பாட்டு என்று கேட்காதீர்கள். செவ்வியல் இசை என்பார்கள்.

கேள்வி: பனிமானுக்கு அவ்வளவு ரோமம் இருந்தும் ஏன் கூட்டம் கூட்டமாகச் சாகிறது?

பதில்: இதைத்தான் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தேன். தூள்பனி எவ்வளவு கொட்டினாலும் பனிமானுக்குக் கவலையில்லை. குளம்பால் கிளறி அடியிலுள்ள லைக்கனை, அதாவது தரையில் பாசிபோல் படர்ந்திருப்பதைத் தின்னும். நடுக்குளிர்காலத்தில் மழை பெய்தால்தான் ஆபத்து. அந்த ஈரம் மறுபடி உறைந்து, மேய்ச்சல் நிலம் முழுக்கக் கண்ணாடி பதித்தாற்போல் ஆகிவிடும். தீனி காலடியிலேயே இருக்கும், எட்டாது. சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் பெய்த மழையைத் தொடர்ந்து சுமார் 61,000 பனிமான்கள் பட்டினியால் மடிந்தன. கனடாவின் பேங்க்ஸ் தீவில் 2003 அக்டோபர் மழைக்குப் பின் ஏறத்தாழ 20,000 கஸ்தூரி எருதுகள் (அடர்ந்த ரோமமுள்ள துருவ மேய்ச்சல் விலங்குகள்) போயின. இரண்டு இடத்திலும் கொன்றது கடுங்குளிர் அல்ல, குளிருக்கு நடுவே வந்த வெப்பம். துருவம் சூடாகச் சூடாக இப்படிப்பட்ட மழை கூடத்தான் செய்யும்.

கேள்வி: கரையில் மரத்துப்போய்க் கிடக்கும் கடலாமையைத் திரும்பக் கடலில் விடலாமா?

பதில்: கூடவே கூடாது. தண்ணீர் சுமார் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஆமையால் நீந்த முடியாது. மீண்டும் விட்டால் மூழ்கிவிடும். செத்ததுபோல் தெரிவதும் பல சமயம் உயிரோடுதான் இருக்கும். வனத்துறைக்கோ மீட்புக் குழுவுக்கோ சொல்லுங்கள். அவர்கள் படிப்படியாகத்தான் சூடேற்றுவார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் கரையில் ஆயிரக்கணக்கான ஆமைகளை இப்படி அள்ளி வந்தார்கள்.

கேள்வி: உறைந்த ஏரியில் வாத்தின் கால் ஒட்டிக்கொள்ளாதா?

பதில்: அபூர்வம். காலுக்கு இறங்கும் சூடான ரத்தம், ஏறிவரும் குளிர்ந்த ரத்தத்துக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. பாதம் உறையாத அளவுக்கு மட்டும் சூடு மிஞ்சும். சிக்கிவிட்டதென்று நாம் பதறும் பறவை பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: என் நாய் பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்தால் நான் இறங்கலாமா?

பதில்: இறங்காதீர்கள். நாயைத் தாங்காத பனிக்கட்டி உங்களைத் தாங்காது. இறங்கியவர் மூழ்க, நாய் தானாகக் கரையேறிய சம்பவங்கள் உண்டு. கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள், உடனே தீயணைப்புத் துறையை அழையுங்கள். வெளியே வந்ததும் துண்டால் ஈரத்தை ஒற்றியெடுத்து, கம்பளியில் சுற்றி, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வெந்நீரில் மட்டும் இறக்கிவிடாதீர்கள்.